தளமும் பால்யமும்

1

ராணுவத் தளங்களின் சரித்திரத்தை இதுவரை எழுதியிருப்பவர்கள் தளபதிகளும் ராஜதந்திரிகளும் அவர்களை எதிர்த்த கட்சிக்காரர்களும்தான். ஓடுதளத்தின் நீளம், துறைமுகத்தின் ஆழம், குத்தகையின் ஆண்டுக் கணக்கு ஆகிய மூன்றும் கிடைத்துவிட்டால் ஒரு தீவைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்ற எண்ணம் இரு தரப்புக்கும் பொது. அங்கே யாராவது குழந்தையாக இருந்தார்களா என்ற கேள்வி இந்தச் சரித்திரத்தில் எழுவதில்லை. எழுந்தாலும் அதை நினைவலை என்று பெயரிட்டுப் பத்திரிகைகளின் தீபாவளி மலருக்கு அனுப்பிவிடுவோம். சரித்திரம் பெரியவர்களின் காரியம், பால்யம் இலக்கியத்தின் காரியம் என்ற பாகப்பிரிவினை நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது.

இந்தப் பாகப்பிரிவினை செல்லாத இடங்கள் உண்டு என்பது என் வாதம். ஒரு நிலத்தில் மக்கள் குடியிருந்தார்கள் என்பதையே ஓர் அரசு மறுக்கும்போது, அங்கே பிறந்து, அங்கே பல் விழுந்து முளைத்து, அங்கே நீந்தக் கற்றவனின் நினைவுதான் பட்டாவாகிறது. வேலைக்கு வந்தவன், விருந்துக்கு வந்தவன், காவலுக்கு வந்தவன் யாரும் அப்படியொரு நினைவைக் காட்ட முடியாது. குழந்தையாக இருந்தவன் மட்டுமே காட்ட முடியும். ஆகவே நிலத்தை எடுத்துக்கொள்பவன் முதலில் அழிக்க விரும்புவதும் அதையே. பசிபிக் சமுத்திரத்தில் ஒரு தீவையும் இந்து மகா சமுத்திரத்தில் ஒரு தீவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது துலங்கும். இரண்டாவது தீவில் தமிழ்க் குழந்தைகள் இருந்தார்கள்.

2

மார்ஷல் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த க்வாஜலீன், பவளத் திட்டுகள் ஒரு வளையமாக அமைந்து நடுவே பெரிய காயலை அடைத்துக்கொண்டிருக்கும் இடம். ஜப்பானியர் வசம் இருந்ததை 1944 பிப்ரவரியில் அமெரிக்கப் படை கடும் சண்டைக்குப் பின் பிடித்தது. 1946 முதல் 1958 வரை பிகினியிலும் எனிவெட்டாக்கிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளுக்கு அது உதவித் தளமாக இருந்தது. பின்னர் ஏவுகணைச் சோதனைத் தளமாயிற்று. கலிபோர்னியாக் கரையிலிருந்து ஏவப்படும் ஏவுகணைகளுக்கு அந்தக் காயல்தான் குறி.

ஏவுகணைகளைக் கவனிக்க வந்த பொறியாளர்கள் குடும்பத்தோடு குடியேற்றப்பட்டார்கள். அவர்களுக்காகத் தீவில் ஓர் அமெரிக்கப் புறநகர் எழுப்பப்பட்டது. பள்ளிக்கூடம், சினிமா, நீச்சல் குளம், வெட்டிச் சீராக்கிய புல்தரை எல்லாம் இருந்தன. சொந்தக் கார் கிடையாது. எல்லோருக்கும் சைக்கிள். அங்கே வளர்ந்தவர்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரே சித்திரம்: பூட்டப்படாத வீடுகள், பயமில்லாத தெருக்கள், வெறுங்கால், கடல், இரவில் வானத்தைக் கிழித்துக்கொண்டு வரும் ஏவுகணையின் வெளிச்சத்தைக் குடும்பமாக நின்று வேடிக்கை பார்ப்பது. இந்த நினைவுகளில் பொய் எதுவும் இல்லை. குழந்தைக்கு அது சொர்க்கமாகவே இருந்திருக்க வேண்டும்.

அந்தப் புல்லை வெட்டியவர்கள் யார்? சில கிலோமீட்டர் தள்ளி, அதே வளையத்தின் மேல், எபை என்று ஒரு திட்டு இருக்கிறது. பரப்பு சுமார் 80 ஏக்கர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதில் 9,000க்கு மேற்பட்டோர் வசித்தார்கள். சோதனைகளுக்காகச் சுற்றுப்புறத் திட்டுகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களும், தளத்தில் வேலை தேடி வந்தவர்களும், அவர்கள் சந்ததியும். காலையில் படகில் தளத்துக்கு வந்து, தோட்டம் வெட்டி, பாத்திரம் கழுவி, குழந்தை பார்த்துவிட்டு மாலையில் படகேறித் திரும்ப வேண்டும். தங்கள் சொந்த நிலத்தில் இரவு தங்க அவர்களுக்கு அனுமதி இல்லை. 1982இல் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் சுமார் ஆயிரம் பேர் படகுகளில் வந்து இறங்கி மாதக்கணக்கில் கூடாரமடித்துத் தங்கிப் போராடினார்கள்.

கிரெக் த்வோராக் என்பவர் க்வாஜலீனில் அமெரிக்கச் சிறுவனாக வளர்ந்தவர். பின்னால் சரித்திர ஆய்வாளராகி, அந்தத் தீவின் நினைவுகளை ஜப்பானியர், அமெரிக்கர், மார்ஷல் மக்கள் ஆகிய மூவர் தரப்பிலிருந்தும் பார்த்து 2018இல் ஒரு நூல் வெளியிட்டார். பவளமும் காங்கிரீட்டும் என்பது அதன் தலைப்பின் பொருள். தன் பால்யத்தை அவர் தூக்கி எறியவில்லை. அதற்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டும் இருக்கவில்லை. தான் சைக்கிள் ஓட்டிய காங்கிரீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பால்ய நினைவு சரித்திரமாகும் இடம் இது என்று எனக்குப் படுகிறது. நினைவின் இனிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. அந்த இனிப்புக்கு விலை கொடுத்தது யார் என்ற கணக்கு அதோடு சேர்ந்து வந்தால் போதும்.

3

க்வாஜலீனில் தளம் குழந்தைகளை அனுமதித்தது. ஒரு தேசத்துக் குழந்தைகளை மட்டும் என்றாலும் அனுமதித்தது. டீகோ கார்சியா அதையும் செய்யவில்லை.

கன்னியாகுமரியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தொலைவில், சாகோஸ் கூட்டத்தின் பெரிய தீவு அது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர்கள் மொரிஷியஸிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து தென்னந்தோப்பு வைத்தார்கள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் பிடித்துவரப்பட்டவர்கள் அவர்கள். அடிமை முறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். தென்னிந்தியரும் அவர்களில் உண்டு. கொப்பரை உலர்த்திக்கொண்டு, ஒரு கிரியோல் மொழி பேசிக்கொண்டு, தேவாலயமும் இடுகாடும் உள்ள ஒரு சமூகமாக இவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தார்கள்.

1965 நவம்பர் 8ஆம் தேதி பிரிட்டன் இந்தத் தீவுகளை மொரிஷியஸிலிருந்து வெட்டியெடுத்து, பிரிட்டிஷ் இந்து சமுத்திரப் பிரதேசம் என்று புதிதாக ஒரு காலனியைப் படைத்தது. மொரிஷியஸுக்கு அப்போது சுதந்திரம் வரவில்லை. அது வந்தது 1968இல். ஈடாக அதற்குக் கிடைத்தது 30 லட்சம் பவுன். 1966 டிசம்பரில் அமெரிக்காவோடு ஒப்பந்தம் ஆயிற்று. குத்தகைப் பணம் என்று வெளிப்படையாக எதுவும் இல்லை. போலாரிஸ் ஏவுகணைகள் வாங்கும் கணக்கில் பிரிட்டனுக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் ரகசியமாகத் தள்ளுபடி செய்யப்பட்டது.

இதற்குப்பின் ஆட்களை அகற்றும் வேலை. மருத்துவத்துக்கும் உறவினரைப் பார்க்கவும் மொரிஷியஸ் போனவர்களைத் திரும்பவிடாமல் நிறுத்தியது முதல் கட்டம். 1971இல் டீகோ கார்சியா காலி செய்யப்பட்டது. 1973இல் கடைசிக் கப்பல் மற்றத் தீவுகளையும் காலி செய்தது. மொத்தம் 1,500 முதல் 2,000 பேர் வரை. பெரும்பாலோர் மொரிஷியஸிலும் சிலர் செஷல்ஸிலும் இறக்கிவிடப்பட்டார்கள்.

நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது இதன் மொழி. குடிகள் இருக்கும் காலனி என்றால் ஐக்கிய நாடுகள் சபைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே அங்கே நிரந்தரக் குடிகள் கிடையாது, வந்துபோகும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மட்டுமே உண்டு என்று கோப்புகளில் எழுதப்பட்டது. 1966இல் டெனிஸ் கிரீன்ஹில் என்ற பிரிட்டிஷ் வெளியுறவு அதிகாரி எழுதிய குறிப்பில் அந்த மக்கள் டார்ஜான்கள் என்றும் மேன் ஃப்ரைடேக்கள் என்றும், பூர்வோத்தரம் தெரியாதவர்கள் என்றும் குறிக்கப்படுகிறார்கள். ஃப்ரைடே என்பது டெஃபோவின் ராபின்ஸன் க்ரூசோ தான் காப்பாற்றியவனுக்குச் சூட்டிய பெயர். அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கும் என்று க்ரூசோவுக்குத் தோன்றுவதில்லை. கேட்காமலே பெயரிடுகிறான். தன்னை எஜமானன் என்று அழைக்கவும் கற்றுக்கொடுக்கிறான். 1719இல் வெளிவந்த ஒரு நாவல் 247 ஆண்டுகளுக்குப்பின் ஓர் அலுவலகக் கோப்பில் வேலை செய்வதை இங்கே காண்கிறோம். நாவலைப் படித்து வளர்ந்த வர்க்கத்துக்கு, தீவில் எதிர்ப்படுகிற கறுப்பு மனிதன் எவனுக்கும் பால்யம் கிடையாது. அவன் கதை க்ரூசோ பார்த்த வெள்ளிக்கிழமையிலிருந்துதான் தொடங்குகிறது. இலக்கியத்துக்கு உலகில் செல்வாக்கு இல்லை என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் இந்தக் குறிப்பை நினைவில் வைப்பது நல்லது.

மக்களை ஏற்றுமுன் நாய்கள் கொல்லப்பட்டன. 1971இல், பிரதேச ஆணையராக இருந்த ஸர் புரூஸ் கிரேட்பாட்சின் உத்தரவின் பேரில், தீவுவாசிகள் வளர்த்த நூற்றுக்கணக்கான நாய்களை முதலில் சுட்டும் விஷம் வைத்தும் பார்த்துவிட்டு, கடைசியில் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து ராணுவ வண்டிகளின் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். தீவுவாசிகள் பலரின் வாக்குமூலங்களில் ஒப்பந்தமோ ஆண்டோ முன்னால் நிற்பதில்லை. கொட்டகையிலிருந்து வந்த ஊளையும், அதைக் கேட்டு நின்ற குழந்தைகளும் நிற்கிறார்கள்.

ஜவ்வாது மலையின் தென்புறம் செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களில் எடுத்தனூர்க் கல் ஒன்று உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. தொறுப் பூசலில் இறந்த வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும், கள்ளர் இருவரைக் கடித்து நின்ற செய்தியும் வெட்டப்பட்டிருக்கின்றன. மாடு மேய்க்கும் ஒரு சிற்றூர் ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குப் பெயர் சொல்லி இடம் கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் ஒரு சாம்ராஜ்யக் கோப்பில் மனிதர்களுக்கே பெயர் இல்லை. ஆவணம் என்றால் என்ன என்பதைப் பற்றி யோசிக்க எங்கள் பக்கத்து மலையடிவாரமே போதும் என்று சொல்லத் தோன்றுகிறது. வாழ்ந்ததை மறக்காமல் இருக்கச் செய்யப்படும் குறிப்பு ஒன்று. வாழ்ந்ததே இல்லை என்று ஆக்கச் செய்யப்படும் குறிப்பு மற்றொன்று. எழுத்து இரண்டுக்கும் பயன்படுகிறது.

4

எழுபதுகளில் டீகோ கார்சியா இந்தியப் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபட்ட பெயர். இந்திய அரசு தளத்தை எதிர்த்தது. இடதுசாரிகள் எதிர்த்தார்கள். 1971 டிசம்பரில் இந்து மகா சமுத்திரத்தை அமைதி மண்டலமாக அறிவிக்கும் தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியது. அதை முன்னெடுத்தது இலங்கை. எதிர்ப்பில் நியாயம் இருந்தது. 1991இல் ஈராக்குக்கும், 2001இல் ஆப்கானிஸ்தானத்துக்கும், 2003இல் மறுபடி ஈராக்குக்கும் குண்டு வீசும் விமானங்கள் அங்கிருந்து கிளம்பியதைப் பார்த்தபின் அந்த நியாயத்தை யாரும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த எதிர்ப்பிலும் தீவின் மக்கள் இல்லை. சமுத்திரம் இருந்தது, வல்லரசு இருந்தது, நம் பாதுகாப்பு இருந்தது. அமைதி மண்டலத் தீர்மானம் நிறைவேறிய அதே ஆண்டில்தான் டீகோ கார்சியா காலி செய்யப்பட்டது. அகற்றப்பட்டவர்களைப் பற்றி ஓர் அமெரிக்கத் தினசரியில் முதன்முதலாக விரிவான செய்தி வந்தது 1975 செப்டம்பரில், எல்லாம் முடிந்து இரண்டு ஆண்டு கழித்து. எதிர்ப்பவனின் வரைபடமும் ஆக்கிரமிப்பவனின் வரைபடமும் ஒரே உயரத்திலிருந்து வரையப்பட்டவை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் ஓடுதளம் தெரியும். ஓடும் குழந்தை தெரியாது.

நம் தமிழ்ப் பெருமையும் இதே உயரத்தில்தான் பறக்கிறது. மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வங்கியில் வேலை பார்ப்பவன் என்பதால் என்னிடம் இதைப் பெருமையாகச் சொல்லாத நண்பர் குறைவு. 1998இல் வெளியான நோட்டுகளில் தமிழின் வரிசை ஹிந்திக்குப் பின்னால் தள்ளப்பட்டது என்று அங்குள்ள தமிழர்கள் கிளர்ச்சி செய்து, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெறவைத்தார்கள். நல்லது. அதே போர்ட் லூயி நகரின் குடிசைப் பகுதிகளில்தான் சாகோஸ் மக்கள் கால் நூற்றாண்டாக வேலையும் வீடும் இல்லாமல் கிடந்தார்கள். அவர்களுடைய மூதாதையரிலும் நம் கரையிலிருந்து போனவர்கள் உண்டு. நோட்டில் இருக்கிற தமிழ் நம் கண்ணில் பட்டது. கிரியோல் பேசுகிற அந்த முகங்களில் இருக்கிற தமிழ் நம் கண்ணில் படவில்லை. எழுத்தாக இருந்தால்தான் நமக்குத் தமிழ்.

சாகோஸ் மக்கள் விடாமல் வழக்காடினார்கள். 2000இல் லண்டன் உயர்நீதிமன்றம் அவர்களை வெளியேற்றியது சட்டவிரோதம் என்றது. 2004இல் அரசு, நாடாளுமன்றத்துக்குப் போகாமல், அரசியின் ஆணையாக ஒன்றைப் பிறப்பித்து அத்தீவுகளில் வசிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்று ஆக்கியது. 2008இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அந்த ஆணையை நிலைநிறுத்தினார்கள். 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் தீவுகளைப் பிரித்ததே தவறு என்று கருத்துரைத்தது. 2025 மே 22ஆம் தேதி பிரிட்டனும் மொரிஷியஸும் இறையாண்மையை மாற்றும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. டீகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுக் குத்தகையில் தளமாகவே இருக்க வேண்டும் என்பது அதன் ஷரத்து. இத்தனை நீதிமன்றங்களிலும் அந்த மக்கள் கடைசிவரை கையில் வைத்திருந்த சாட்சியம் ஒன்றுதான்: நாங்கள் அங்கே பிறந்தோம்.

5

டீகோ கார்சியாவில் பணிபுரியும் ராணுவத்தினர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. கூலி வேலைக்கு வரும் பிலிப்பைன்ஸ்காரர்களும் தனியாட்களாகவே வருகிறார்கள். பிரசவமும் பள்ளிக்கூடமும் இல்லாத இடமாக அரை நூற்றாண்டு அது பராமரிக்கப்பட்டது. இதைச் சிக்கனம் என்றோ பாதுகாப்பு என்றோ சொல்லலாம். குழந்தை இல்லாத இடத்தில் உரிமை கோரப் பின்னால் யாரும் வரமாட்டார்கள் என்ற வசதியும் அதில் இருக்கிறது.

அந்த இடத்துக்குக் குழந்தைகள் வந்தார்கள். 2021 அக்டோபரில், கேரளக் கரையிலிருந்து கனடாவை நோக்கிப் புறப்பட்டுச் சேதமடைந்து தத்தளித்த ஒரு மீன்பிடிப் படகைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் டீகோ கார்சியாவில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதில் இருந்தவர்கள் 89 பேர். இலங்கைத் தமிழர்கள். பலர் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தவர்கள். பிறகு வேறு படகுகளிலும் சிலர் வந்தார்கள். சிலர் இலங்கைக்குத் திரும்பினார்கள், சிலர் ரெயூனியன் தீவுக்குப் போனார்கள், சிலர் சிகிச்சைக்காக ருவாண்டாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 2024இலும் அறுபது பேர் அளவில் அங்கே இருந்தார்கள். அவர்களில் 16 பேர் குழந்தைகள்.

தண்டர் கோவ் என்று பெயரிட்ட ஒரு முகாமில், கூடாரங்களில், வேலிக்குள், காவலர்களின் கண்ணெதிரே அவர்கள் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார்கள். கூடாரங்களில் எலிகள் இருந்தன. காவல் இல்லாமல் வெளியே போக முடியாது. தற்கொலை முயற்சிகள் நடந்தன. 2023 இறுதியில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தினர் போய்ப் பார்த்து, இது காரணமின்றி அடைத்துவைத்தலாகும் என்றார்கள். 2024 ஜூலையில் தீவிலேயே நடக்கவிருந்த விசாரணை அமெரிக்கர்கள் பாதுகாப்பைக் காரணம் காட்டியதால் தடைப்பட்டு, செப்டம்பரில் நடந்தது. டிசம்பர் 16ஆம் தேதி நீதிபதி மார்கரெட் ஓபி, அவர்கள் சட்டவிரோதமாகக் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள் என்றும், பெயர் ஒன்றைத் தவிர மற்றெல்லா வகையிலும் அது சிறைதான் என்றும் தீர்ப்பளித்தார். அந்த மாதமே பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' 1954இல் வந்த நாவல். ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் எல்லோரும் பாடமாகக் கடந்துவந்தது. பவளத் தீவில் தனித்துவிடப்பட்ட சிறுவர்கள் ஒருவரையொருவர் வேட்டையாடுகிறார்கள். முடிவில் கடற்படை அதிகாரி ஒருவன் வெள்ளுடையில் கரையில் நிற்கிறான். காப்பாற்றப்பட்டார்கள் என்று கதை முடிகிறது. மனித மனத்தில் உறையும் காட்டுமிராண்டித்தனம் என்று வகுப்பில் குறிப்பு எழுதிக்கொள்கிறோம். ஆனால் நாவலின் கடைசிப் பார்வை அந்த அதிகாரியுடையது. அழும் சிறுவர்களிடமிருந்து முகத்தைத் திருப்பி அவன் தன் போர்க்கப்பலைப் பார்க்கிறான். கோல்டிங்கின் கேள்வி அங்கே இருக்கிறது: போர்க்கப்பல் வந்து குழந்தைகளைக் காப்பாற்றியபின், போர்க்கப்பலிடமிருந்து அவர்களைக் காப்பாற்றுவது யார்? டீகோ கார்சியாவில் தமிழ்க் குழந்தைகளின் கதை அந்த நாவல் முடியும் இடத்தில் தொடங்குகிறது. கடல் அவர்களை மூழ்கடிக்கவில்லை. கடற்படை கரை சேர்த்தது. அதற்குப்பின் மூன்று ஆண்டுகள்.

ஐந்து வயதில் வந்திறங்கிய குழந்தைக்குப் போகும்போது எட்டு வயது. மனிதனுக்கு நினைவு கெட்டிப்படுவது இந்த ஆண்டுகளில்தான். அந்தக் குழந்தைக்கு ஊர் என்று முதலில் ஞாபகம் வரப்போவது எது? தென்னை, வெண்மணல், நீலக் காயல், நண்டு, எலி, கூடாரத் துணியில் விழும் மழை, வேலி, இரவில் கிளம்பும் விமானம். இந்தப் பட்டியலில் பாதி க்வாஜலீனில் வளர்ந்த அமெரிக்கச் சிறுவனின் பட்டியல். மறுபாதி எபையில் வளர்ந்தவனுடையது. இரண்டும் கலந்த ஒரு பால்யம் தமிழில் நடந்திருக்கிறது. தளம் கட்டப்பட்டபின் டீகோ கார்சியாவில் குழந்தைகள் கூட்டமாக ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, விளையாடி, சண்டையிட்டது இந்த மூன்று ஆண்டுகளில். அவர்கள் பேசிய மொழி தமிழ். கிரியோல் தாலாட்டு நின்றுபோன தீவில் ஐம்பது ஆண்டு கழித்து ஒலித்தது தமிழ்த் தாலாட்டு. நோட்டில் அச்சிட்ட தமிழைக் கொண்டாடுகிற நாம் இதை எந்தக் கணக்கில் எழுதப்போகிறோம்?

சட்டப்படி அவர்கள் அங்கே வசிக்கவில்லை. 2004ஆம் ஆண்டு ஆணையின்படி அங்கே வசிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. தீர்ப்பு அவர்களுக்குக் கைதிகள் என்ற பெயரைக் கொடுத்தது. அது நியாயமான பெயர், விடுதலை தந்த பெயர். ஆனால் குழந்தை கைதியாக மட்டும் இருந்திருக்க முடியாது. வேலிக்குள் எதையாவது நேசித்திருக்கும். ஒரு மரத்துக்குப் பெயர் வைத்திருக்கும். அந்தப் பெயர் எந்தத் தீர்ப்பிலும் வராது. அதைப் பெற்றுக்கொள்ளும் பாத்திரம் இலக்கியம் ஒன்றுதான்.

6

அந்தப் பாத்திரம் நம்மிடம் இருக்கிறதா?

தமிழில் பால்யத்தைப் பற்றிய எழுத்து மிகுதி. சிறுகதையிலும் கவிதையிலும் நாம் சாதித்தவற்றில் கணிசமான பங்கு பால்யத்துக்கு உரியது. ஆனால் இந்த எழுத்து அநேகமாக ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஊர் ஒன்று இருந்தது, நான் அதைவிட்டு வந்தேன், அது மாறிவிட்டது. ஆற்றங்கரை, அக்ரஹாரம், கரிசல், தேரடி எதுவானாலும் கட்டுமானம் இதுவே. இழந்ததைப் பாடுகிறவனுக்கு இழக்க ஒரு நிலம் இருந்தாக வேண்டும். திரும்பிப் போய்ப் பார்த்து ஏமாறவாவது ஒரு பஸ் இருக்க வேண்டும். பிறந்தது ஒரு முகாம், வளர்ந்தது ஒரு ராணுவத் தளம், திரும்பிப் போகச் சட்டம் இடம் தராது என்றால், நம் பால்ய இலக்கியத்தின் சொற்கள் அங்கே எதற்கும் உதவா. 'மண்' என்ற சொல்லே உதவாது. ஈழத்து எழுத்தும் புலம்பெயர்ந்தோர் எழுத்தும் நமக்கு இதில் கொஞ்சம் கற்றுக்கொடுத்திருக்கின்றன. ஆனால் அவற்றிலும் பின்னணியில் ஒரு வீடு, ஒரு பனை, ஒரு கிணறு இருக்கிறது. அதுவும் இல்லாத தலைமுறை இது.

இதற்காக டீகோ கார்சியா வரை போக வேண்டியதும் இல்லை. திருப்பத்தூரிலிருந்து ஆம்பூர்ப் பக்கம் போனால் மின்னூரில் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. தமிழ்நாட்டில் இப்படி நூறுக்கு மேல். 2021 ஆகஸ்டில் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நவம்பர் 2ஆம் தேதி வேலூர் மேல்மொணவூரில் புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் அந்தப் படகு டீகோ கார்சியாவை அடைந்தது. வீடுகள் வேண்டியவைதான். ஆனால் பெயர் மாற்றத்துக்கும் அடிக்கல்லுக்கும் இடையே கடலில் இறங்கியவர்கள், பெயரையும் சுவரையும் தாண்டி வேறொன்றைத் தேடிப் போயிருக்கிறார்கள். வங்கிப் படிவங்களில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் உண்டு. முகாமில் பிறந்து முப்பது வயதான ஒருவர் அதில் முகாமின் பெயரையும் தன் வீட்டு எண்ணையும் எழுதுகிறார். தற்காலிக முகவரி என்ற அடுத்த கட்டத்திலும் அதையே எழுதுகிறார். இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் உள்ள கோட்டில்தான் அவர் பால்யம் நடந்தது. அதைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுதப்பட்ட கதை எத்தனை என்று எண்ண ஒரு கை போதும்.

சாகோஸ் மக்களின் வழக்கு நமக்குச் சொல்வது இது. அவர்களை ஒப்பந்தக் கூலிகள் என்று எழுதியபோது, அந்தப் பொய்யை நாற்பது ஐம்பது ஆண்டு எதிர்த்து நின்றது அவர்களுடைய பால்ய நினைவு. தாத்தாவின் கல்லறை எந்தத் தென்னைக்குக் கீழே, பள்ளிக்கூடம் விட்டு எந்த வழியாகக் கரைக்கு ஓடினோம், நாயின் பெயர் என்ன என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பாட்டாகப் பாடினார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் கோப்புதான் உண்மையாகியிருக்கும். தண்டர் கோவிலிருந்து போன 16 குழந்தைகளுக்கும் ஒருநாள் யாராவது, நீங்கள் அங்கே வாழவில்லை, வைக்கப்பட்டிருந்தீர்கள், அவ்வளவுதான் என்று சொல்வார்கள். அவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஏதாவது ஒரு நகரத்தில் உட்கார்ந்து அதற்குப் பதில் எழுதக்கூடும். ஆங்கிலத்தில் எழுதினால் உலகம் படிக்கும், பரிசும் கிடைக்கலாம், நாம் மொழிபெயர்த்துக்கொள்வோம். தமிழில் எழுதினால் அதை வாங்கிப் பிரசுரிக்க ஒரு பத்திரிகையும், இதில் ஊர் எங்கே, மண்வாசனை எங்கே என்று கேட்காமல் படிக்க இருநூறு பேரும் வேண்டும். அந்த இருநூறு பேரில் நாமும் இருக்க வேண்டும்.